சீசன் முடிந்த பிறகுதான் பைப் அரிக்கிறது

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு மாங்கூழ் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெங்களூரா காய் வர ஆரம்பித்தால் ஜூலை வரைக்கும், மிஞ்சிப்போனால் ஆகஸ்ட் முதல் வாரம் வரைக்கும் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அப்புறம் அடுத்த மே வரைக்கும் மிஷின்கள் சும்மா நிற்கும். அதனால் ஏப்ரல் கடைசியில் எல்லா லைனிலும் தண்ணீர் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது பாய்லர் பார்க்கிற அண்ணன் வந்து, "சார், புது லைனுக்கு அடியில வேர்த்த மாதிரி இருக்கு, துடைச்சா மறுபடி வேர்க்குது" என்றார். உள்ளே ஓடுவது வெறும் போர் தண்ணீர், வெளியே கொளுத்துகிற வெயில், வேர்க்க வழியே இல்லை. ஏணி போட்டு ஏறி, துணியால் துடைத்துவிட்டுக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊசி குத்தின அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் அதுபோலப் பதினொன்று கண்டுபிடித்தோம்.

பதினொன்றும் பைப்பின் அடிவயிற்றில். அதில் ஒன்பது, வெல்டிங்கை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குள். பைப் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம், கனம் 2 மில்லிமீட்டர், போட்டு ஒரே ஒரு சீசன்தான் ஆகியிருந்தது.

எங்களிடம் ரொம்ப வருஷமாக ஆர்கான் வெல்டிங் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு அடித் துண்டை வெட்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்து கொடுத்தார். உள்ளே நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வெளிச்சம் வந்தது அந்தத் துண்டில்தான். வெல்டிங் கோட்டின் இரண்டு பக்கமும் நீலமும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக நிறம். அடிப்பக்கம் அந்த நிறத்தின் மேலேயே துருக் கலரில் ஒரு சின்ன மேடு, எறும்புப் புற்று மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் மேடு பிசுபிசுவென்று வந்துவிட்டது, அடியில் மினுமினுப்பான சின்ன ஓட்டை. அதில் ஊசியை விட்டால் நேராகப் போகவில்லை, பக்கவாட்டில் சுழன்றது. வாய் ஊசி முனை அளவு, உள்ளே ஒரு கடுகு உருளும் அளவுக்குக் குடைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதுப் பாத்திரம் போலப் பளபளப்பு! பைப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இரும்பு அப்படியே இருக்கும், மீதி ஒரு பங்கு போனதில் பைப்பே உதவாமல் போய்விடும். எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப்பில் துரு வந்தால் எங்கும் வரும், கண்ணுக்குத் தெரியும், எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போடலாம். எஸ்.எஸ். அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.

முதலாளி வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மாங்காய்ப் புளிப்பு தின்னுடுச்சாப்பா?" எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். ஆனால் பதினொன்றில் மூன்று ஓட்டை, அலசுவதற்காகப் போட்ட தண்ணீர்க் கிளையில் இருந்தது. அந்தக் கிளையில் ஒரு நாளும் மாங்கூழ் ஓடவில்லை. அப்படியென்றால் தின்றது எது?

அதற்கு முந்தின வருஷம் நடந்ததை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். பிப்ரவரியில் லைன் போட்டோம். மார்ச்சில் போர் தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் பண்ணினோம், பிரஷர் நின்றது, சந்தோஷம், தண்ணீரை அப்படியே விட்டுவிட்டோம். மே கடைசி வரைக்கும் அது உள்ளேயே கிடந்தது. சீசன் ஓடியது. ஆகஸ்டில் காஸ்டிக், நைட்ரிக் எல்லாம் ஓட்டிச் சுத்தம் பண்ணி, கடைசியாகப் போர் தண்ணீரில் அலசி வால்வை மூடினோம். லைனுக்குச் சரிவு கொடுக்கவில்லை, அதனால் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. மாங்கூழ் ஓடியது இரண்டு மாதம், போர் தண்ணீர் தேங்கியது பத்து மாதத்துக்கு மேல். பைப் வாங்கும்போது கடைக்காரர் "உள்ள என்ன சார் ஓடும்?" என்று கேட்டார், நான் "மாங்கூழ்" என்றேன். "அப்ப 304 போதும், எல்லாரும் அதான் போடறாங்க" என்றார், சரி என்று வாங்கிவிட்டேன். அந்தப் பதில் என்னுடைய தவறு. பைப்பின் வாழ்நாளில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே எது கிடக்கும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

தண்ணீர் ரிப்போர்ட் ஆபீஸ் ஃபைலிலேயே இருந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் என்றாலே எல்லோர் கண்ணும் முதலில் ஃப்ளோரைடைத்தான் தேடும். பல் காவியேறின பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்த ஊர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அதற்காக வந்ததுதான். நானும் அந்த வரியை மட்டும் பார்த்து ஃபைலை மூடியிருக்கிறேன். அதற்கு இரண்டு வரி கீழே குளோரைடு, லிட்டருக்கு 640 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரைடு 250-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரைக்கும் அனுமதி. அதாவது மனிதன் குடிக்கலாம் என்று விட்டுவிடுகிற தண்ணீர். ஆனால் 304-க்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 200 தான், அதுவும் குளிர்ந்த, ஓடுகிற, சுத்தமான தண்ணீருக்கு. அதற்கு மேல் ரகமான 316 என்றால் அதே நிபந்தனையில் 1000 வரைக்கும் சொல்வார்கள். தண்ணீர் தேங்கினாலோ, சூடானாலோ, அடியில் கசடு படிந்தாலோ இந்த எண்களை நம்பக் கூடாது. வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க எங்கள் போரில் உப்பும் ஏறுகிறது, மழைக்காலத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ஏப்ரல் தண்ணீரை முடிவு பண்ணவே கூடாது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும். இரும்பில் குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காற்றோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போட்டுக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்கே தெரியாது. கீறினாலும் ஆக்சிஜன் இருந்தால் உடனே மறுபடி போட்டுக்கொள்ளும். குளோரைடு இந்தப் படலத்தில் பலவீனமான இடம் தேடித் துளைக்கிறது. துளைத்த இடத்தின் உள்ளே ஆக்சிஜன் போகாது, அமிலம் ஊறும், அந்த அமிலம் இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கும். வெளியே ஊசி முனை, உள்ளே குகை என்று ஆவது இதனால்தான். வெல்டிங் சூட்டில் விழுந்த அந்த நீல நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், அதனால் முதல் அடி அங்கேதான் விழும். தேங்கின தண்ணீரில் பாக்டீரியா வளர்ந்து வெல்டிங் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். நான் சுரண்டின அந்தத் துரு மேடு அப்படி வந்ததுதான் என்று பின்னால் ஒரு ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள்.

சரி, மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது? "316 எல் போட்டா முடிஞ்சுது" என்று எல்லோரும் சொன்னார்கள். 304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8. 316-இல் குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 10-க்கு மேல், கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். காசு அந்த மாலிப்டினத்துக்கும் நிக்கலுக்கும்தான். குழி விழுவதை எதிர்த்து நிற்கும் சக்தியை ஒப்பிட ஒரு கணக்கு உண்டு: குரோமியம் சதவீதம், அதோடு மாலிப்டினத்தை 3.3-ஆல் பெருக்கிக் கூட்டி, நைட்ரஜனை 16-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 304-க்கு 18, 19 வரும், 316 எல்லுக்கு 24 பக்கம், 2205 என்ற டூப்ளெக்ஸ் ரக எஸ்.எஸ்ஸுக்கு 35. ரகங்களை வரிசைப்படுத்த இந்த எண் நன்றாக உதவும், எந்தத் தண்ணீரில் எத்தனை வருஷம் என்று அது சொல்லாது.

எல் என்ற எழுத்துக்கும் வேலை இருக்கிறது. கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது என்று அர்த்தம். கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாகிவிடும், வெல்டிங் ஓரம் பலவீனமாகும். பைப் வேலையில் வெல்டிங் இல்லாமல் முடியாது, அதனால் எல் இல்லாத ரகத்தை நான் இப்போது வாங்குவதே இல்லை.

ஆனால் 316 எல் மட்டும் போட்டு மற்றதெல்லாம் பழைய மாதிரியே விட்டிருந்தால், 640 குளோரைடில், ஏப்ரலில் அதற்கும் மேலே போகிற தண்ணீரில், நீலம் படிந்த வெல்டிங்கோடு, பத்து மாதம் தேங்கினால் அதுவும் ஓட்டையாகியிருக்கும், கொஞ்சம் தாமதமாக. அதனால் முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். "பைப்புக்கு 316 எல், வெல்டிங்குக்கு உள்ளேயும் ஆர்கான், லைனுக்குச் சரிவு, கடைசி அலசலுக்கும் டெஸ்டுக்கும் ஆர்.ஓ. தண்ணீர். நாலும் வேணுங்க, மூணு மட்டும்னா வேண்டாம்" என்றேன். அவர் கணக்குப் பார்த்துவிட்டு ஆர்.ஓ. மிஷினை மட்டும் அடுத்த வருஷம் பார்க்கலாமா என்றார். புது பைப்பிலும் இதே மாதிரி ஒரு ஓட்டை சீசன் நடுவில் திறந்துகொண்டால் எத்தனை பேரல் கூழ் கீழே போகும் என்று கேட்டேன். ஒரு பேரல் என்றால் 215 கிலோ. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாலுக்கும் பணம் கொடுத்தார்.

வெல்டிங் விஷயத்தில் பெரியவரோடு எனக்கு ஒரு வாரம் இழுபறி. அவர் கை சுத்தமான கை, வெளியே தையல் போட்ட மாதிரி வரும். ஆனால் உள்ளே ஆர்கான் விடாமல் வெல்டு பண்ணியே பழக்கம். பைப்பின் இரண்டு முனையையும் அடைத்து உள்ளே ஆர்கான் விட்டு, காற்று முழுக்க வெளியேறின பிறகுதான் பற்றவைக்க வேண்டும், அப்போதுதான் உள்பக்கம் வெள்ளி நிறமாக, அதிகம் போனால் லேசான வைக்கோல் நிறமாக வரும். "ஒரு ஜாயின்ட்டுக்கு இவ்ளோ கேஸ் விட்டா சிலிண்டர் கட்டுமா தம்பி?" என்றார். அந்த வெட்டின துண்டைக் கையில் கொடுத்தேன், "அண்ணா, ஓட்டை எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றையிலிருந்து ஆர்கான் இல்லாமல் அவர் பற்றவைத்ததில்லை, வேறு ஆள் பற்றவைத்தாலும் திட்டுகிறார். நீலம் விழுந்துவிட்ட இடத்துக்குப் பிக்லிங் பேஸ்ட் போட்டுக் கழுவ வேண்டும். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கிறது, தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், ஆனால் எலும்பு வரை இறங்கும். கையுறை, முகமூடி, பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் மூன்றும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், எம்.எஸ். வேலைக்குப் போட்ட கிரைண்டிங் வீலையும் கம்பி பிரஷையும் எஸ்.எஸ். மேல் வைக்கக் கூடாது. இரும்புத் தூள் பதிந்து, நாலு நாளில் புள்ளி புள்ளியாகத் துரு வரும், "எஸ்.எஸ்.லயே துரு வருது, டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

டூப்ளிகேட்டும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை பைப் சரியாக வந்தது, மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) பைப் மேல் அச்சடித்த நம்பரும் ஒத்துப்போனது. எல்போக்களை மட்டும் அவசரத்தில் வேறு கடையில் எடுத்தோம். காந்தம் வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை, சரி என்று விட்டிருப்பேன். ஆனால் நிக்கல் குறைந்த மலிவு ரகமான 202-ம் காந்தத்தில் ஒட்டாது, 304-ம் ஒட்டாது, 316-ம் ஒட்டாது. காந்தத்தை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது, சொல்லப்போனால் வளைத்து எடுத்த நல்ல எல்போவில்கூட லேசாக ஒட்டும். சின்ன பேட்டரியும் ஒரு பாட்டில் மருந்தும் கொண்ட மாலிப்டினம் டெஸ்ட் கிட் கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டுப் பேட்டரி முனையைத் தொட்டால் மாலிப்டினம் இருக்கும் உலோகத்தில் நிறம் மாறும். முப்பது எல்போவில் ஏழு மாறவே இல்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் வெல்டு பண்ணிய பிறகு கண்டுபிடித்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இப்போது பெரிய ஆர்டர் என்றால் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியோடு ஆளை வரவழைத்துவிடுகிறோம், ஒரு பைப்புக்குச் சில விநாடிதான். அந்தத் துப்பாக்கி கார்பனைக் காட்டாது, அதனால் 316-ஆ 316 எல்லா என்பதற்கு சர்டிஃபிகேட்தான், சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்.

பில்லில் ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தர அமைப்பு) ஏ 554 என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது மாடிப்படிக் கைப்பிடிக்கும் ஜோடனைக்கும் போடுகிற டியூப். பார்க்க இன்னும் பளபளப்பாக இருக்கும், அதுதான் ஆபத்து. பிரஷர் லைனுக்கு ஏ 312, உணவு லைன் டியூபுக்கு ஏ 270 என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும்.

சுத்தம் பண்ணுகிற மருந்து இன்னொரு தலைவலி. காஸ்டிக் சோடா, நீர்த்த நைட்ரிக் இரண்டும் எஸ்.எஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை, நைட்ரிக் அந்தப் படலத்தைப் பலப்படுத்தவே செய்யும். எங்கள் ஆலையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, சுண்ணாம்பு படிந்த டேங்கைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று, வீட்டுக் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை நல்ல எண்ணத்தோடு ஊற்றிவிட்டார். ஹைட்ரோகுளோரிக். பளபளப்பு அரை மணியில் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. அவரைச் சொல்லிப் பயனில்லை, எது ஆகாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ப்ளீச்சிங் திரவத்தையும் ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது, குறிப்பிட்ட நிமிஷங்கள் மட்டும் வைத்து அலசிவிட வேண்டும். அதை அமிலம் இருக்கிற லைனில் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆளையே சாய்க்கும்.

சூடான லைனில் வேறு விதமாக அடிபட்டோம். லேகிங் (சூடு போகாமல் சுற்றும் உறை) போட்ட சுடுதண்ணீர் லைன், கூரைத் தகரம் வழியாக மழைத்தண்ணீர் லேகிங்குக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. 60 டிகிரிக்கு மேலே இருக்கிற எஸ்.எஸ். மேல் கொஞ்சம் உப்பு உள்ள தண்ணீர் பட்டுப் பட்டுக் காய்ந்தால் உப்பு அங்கேயே சேரும், சேர்ந்து சேர்ந்து உலோகத்தில் விரிசல் விடும். லேகிங்கைப் பிரித்தபோது மரக்கிளை மாதிரி கிளை விட்ட விரிசல். இதற்கு 304, 316 எல் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பணியும், டூப்ளெக்ஸ் தாங்கும். டூப்ளெக்ஸ் விசாரித்தோம், எங்களுக்கு வேண்டிய அளவில் சின்ன பைப்பும் ஃபிட்டிங்கும் உடனே கிடைக்கவில்லை, அதன் வெல்டிங்கும் தனிப் பக்குவம். கூரையைச் சரிபண்ணி, புது 316 எல் பைப்பின் மேல் முதலில் அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் லேகிங் போட்டோம். அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஸ்.எஸ்ஸைக் காப்பாற்றும், ரசாயன ஆலைகளில் பழைய வழக்கம் இது. இன்றுவரை நிற்கிறது.

விலை கூடின உலோகம் எப்போதும் நல்லது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஓசூர்ப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் காட்டின கந்தக அமில டேங்க்தான் அதை மாற்றியது. 98 சதவீத அமிலம் சாதாரண எம்.எஸ். டேங்கில், எம்.எஸ். பைப்பில் வருஷக் கணக்காக இருக்கிறது, மெதுவாக ஓட்டினால் போதும். அதே அமிலத்தில் தண்ணீர் கலந்தால் எம்.எஸ்ஸைக் கரைத்துக் குடித்துவிடும். அவர்களுக்குப் போனது டேங்க் இல்லை, சரியாக மூடாத டிரெயின் வால்வு முனை, காற்றின் ஈரத்தை இழுத்து நீர்த்துப்போன இடம். டைட்டானியமும் அப்படித்தான், ஈரமான குளோரினை அருமையாகத் தாங்கும், ஈரமே இல்லாத குளோரினில் தீப்பிடித்து எரியும்.

போன வருஷம் பழக்கமான ஒருவர் கூப்பிட்டார், வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய் ஏற்றுமதி பண்ணுகிறவர். உப்புநீர் லைன் போட வேண்டும், "உங்க மாதிரியே 316 எல் சொல்லிட்டேண்ணா, கொட்டேஷன் வந்துடுச்சு" என்றார். உப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டேன். பத்து. லிட்டருக்கு நூறு கிராம் உப்பு என்றால் அதில் குளோரைடு அறுபதாயிரம் மில்லிகிராம், எங்கள் போர் தண்ணீரைப் போல நூறு மடங்குக்குப் பக்கம், கூடவே வினிகர். ஆர்டரை நிறுத்தச் சொன்னேன். குளிர்ந்த உப்புநீர் போகிற இடம் முழுக்க உணவுக்கு ஏற்ற ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப், சூடாக்கி ஒட்டுகிற ஜாயின்ட். 70 டிகிரிக்குச் சூடாக்குகிற ஹீட்டரின் பிளேட்டும், அதிலிருந்து ஃபில்லிங் மிஷின் வரைக்கும் உள்ள பத்தடியும் மட்டும் டைட்டானியம். மொத்தச் செலவு அந்த 316 எல் கொட்டேஷனைவிடக் குறைவாகத்தான் வந்தது. பத்தடி டைட்டானியத்தைத் தனி ஆள் வைத்து வெல்டு பண்ணினார்கள், எங்கள் பெரியவரும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.